உண்மை சொன்ன டாக்டருக்குக் கிடைத்த பரிசு

கடையநல்லூரிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ்ஸில் போகிறவர்கள், சாலையோரப் பலகைகளில் குழந்தைப்பேறு சிகிச்சை விளம்பரங்களைப் பார்த்திருப்பார்கள். சோதனைக் குழாய் முறையில் மகப்பேறு, கருவை உறைய வைத்துப் பாதுகாத்தல் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். இன்று அவை யாரையும் வியக்க வைப்பதில்லை. ஜவுளிக் கடை விளம்பரத்தைப் படிப்பது போலப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த இரண்டு காரியங்களையும் இந்திய மண்ணில் முதன் முதலில் செய்து காட்டிய மனிதருக்கு நாடு என்ன கொடுத்தது தெரியுமா? விசாரணை, ஏளனம், இடமாற்றம்! அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். முகர்ஜி என்றும் சொல்வார்கள். அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பிறகே, அவர் சொன்னது உண்மை என்று விஞ்ஞான உலகம் ஏற்கத் தொடங்கியது.

பிள்ளைப் பேற்றுக்காக அவர் செய்த காரியம் அதோடு நிற்கவில்லை. நோய்களைத் தீர்க்க ஸ்டெம் செல் ஆராய்ச்சி செய்யலாமா, கூடாதா என்று பின்னாளில் உலகெங்கும் மூண்ட தர்ம விவாதத்துக்கும், அவர் கல்கத்தாவில் உறைய வைத்த கருவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனால் அவருடைய கதையை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஹஸாரிபாக்கில் பிறந்தவர்

சுபாஷ் பிறந்தது 1931-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி. ஊர், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஹஸாரிபாக். கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் வைத்தியம் படித்து 1955-ல் பட்டம் பெற்றார்.

டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு கிளினிக் திறந்து உட்கார்ந்திருந்தால் பணத்துக்குக் குறைவிருந்திராது. அவருடைய மனமோ ஆராய்ச்சியில் சென்றது. மனித இனம் பெருகும் விதத்தை ஆராயும் உடலியல் துறையில் இறங்கினார். கல்கத்தா சர்வகலாசாலை 1958-ல் அவருக்குப் பி.எச்டி. பட்டம் அளித்தது. அதோடு அவர் திருப்தி அடையவில்லை. ஸ்காட்லாந்து சென்று எடின்பரோ சர்வகலாசாலையில் மீண்டும் மாணவரானார். பெண்ணின் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதற்குச் சமிக்ஞை கொடுக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. அதை நுட்பமாக அளக்கும் முறையை ஆராய்ந்து, 1967-ல் இரண்டாவது பி.எச்டி. பட்டமும் பெற்றார்.

சீமையிலேயே தங்கியிருக்கலாம். அவர் அதே ஆண்டில் தாயகம் திரும்பினார். கல்கத்தா நீல் ரத்தன் சர்க்கார் மெடிக்கல் காலேஜில் உடலியல் ஆசிரியர் உத்தியோகம். 1975-ல் பாங்குரா நகரத்து மெடிக்கல் காலேஜில் பேராசிரியர் பதவி. மனைவி நமிதா ஒரு பள்ளி ஆசிரியை. பிறர் வீட்டுத் தொட்டில் ஆடுவதற்காக உழைத்த அந்தத் தம்பதிக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாத துயரம்

பிள்ளை இல்லாத துயரம் எவ்வளவு கொடியது என்பதைத் தென்பாண்டிச் சீமை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கலியாணமாகி ஐந்தாறு ஆண்டுகள் கடந்தும் வயிறு திறக்கவில்லை என்றால், தென்காசி உலகம்மன் சன்னிதியில் வேண்டுதல். பொட்டல்புதூர் பள்ளிவாசலில் நேர்ச்சை. குற்றாலத்து அருவியில் நீராடி விரதம். இதற்கு மத்தியில் சுற்றத்தாரின் குத்தல் பேச்சு. வளைகாப்புக்கு அழைப்பு வந்தாலும் போவதா வேண்டாமா என்ற தவிப்பு. குறை யாரிடம் இருந்தாலும் பழி பெண்ணின் தலையில்தான் விழும். மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கலாமா என்று மாமியார் யோசிக்கத் தொடங்குவாள்.

கல்கத்தாவிலும் நிலைமை இதுதான். அங்கே வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஒரு தம்பதி டாக்டர் சுபாஷிடம் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கருக்குழாய்கள் பழுதுபட்டிருந்தன. சினைப்பையிலிருந்து புறப்படும் முட்டை இந்தக் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். ஆணின் விந்தணுவை அது சந்திப்பதும் அங்கேதான். பாலம் உடைந்த ஆறு போல அந்த வழி அடைபட்டுக் கிடந்தால், மருந்து கொடுத்து என்ன பயன்?

டாக்டர் சுபாஷ் வேறு வழி யோசித்தார். முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் விந்தணுவோடு சேர்த்து, உண்டான கருவைக் கருப்பைக்குள் வைத்துவிட்டால்? பாலம் இல்லாவிட்டால் பரிசலில் அக்கரை சேரலாம் அல்லவா!

குளிரில் உறங்கிய கரு

இந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர்கள் இருவர். ஒருவர், ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் சுநீத் முகர்ஜி. கடுங்குளிரில் பொருள்களைப் பாதுகாக்கும் கலையில் தேர்ந்தவர். மற்றவர், பெண்நோய் மருத்துவர் டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. பெரிய ஆராய்ச்சிக் கூடம் இல்லை. சர்க்கார் மானியம் இல்லை. சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டே வேலை நடந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற இருவர் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார்கள். ஆனால், டாக்டர் சுபாஷ் கையாண்ட முறை வேறு. இங்கிலாந்துக்காரர்கள் மாதாந்தரம் இயற்கையாக முதிரும் ஒரே முட்டைக்காகக் காத்திருந்தார்கள். இவரோ ஹார்மோன் ஊசி போட்டு ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிரச் செய்தார்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஹார்மோன் மருந்து முட்டைகளை முதிரச் செய்யும். அதே மருந்து கருப்பையின் உட்சுவரைக் கருவை ஏற்காத நிலைக்குக் கொண்டுபோய்விடவும் கூடும். உழுது பண்படாத நிலத்தில் நாற்று நட்டால் வேர் பிடிக்குமா? அதனால் கருவை உடனே உள்ளே வைக்காமல், உறைய வைத்துக் காத்திருந்தார். உறையும்போது உயிரணுவுக்குள் பனிக்கட்டி ஊசிகள் உண்டாகி அதைக் கிழித்துவிடும். அதைத் தடுக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற ரசாயனத்தைக் காப்பாகச் சேர்த்தார். 53 நாட்கள் கரு குளிரில் உறங்கியது. மருந்தின் வேகம் தணிந்து, தாயின் உடல் இயற்கை நிலைக்குத் திரும்பிய பிறகு, கருவை இளக்கி உள்ளே வைத்தார்.

கரு வேர் பிடித்தது!

1978-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, துர்கா பூஜைக் காலத்தில், கல்கத்தாவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகம் அவளைத் துர்கா என்ற பெயரால் அறிந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயி பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது அதே ஆண்டு ஜூலை 25-ந் தேதி. இடைவெளி சரியாகப் பத்தே வாரங்கள். லூயி பிறந்த செய்தி உலகுக்குத் தெரியுமுன்பே துர்கா தாய் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தாள். எனவே, பிறரைப் பார்த்துச் செய்த காரியம் இது என்று யாரும் சொல்ல முடியாது.

தறிக்குக் கொல்லர்!

இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் எதிர்ப்பையும் பண முடையையும் கடந்துதான் வந்தார்கள். ஆயினும் குழந்தை பிறந்ததும் உலகம் அவர்களைக் கொண்டாடியது. கல்கத்தாவில் நடந்தது வேறு.

டாக்டர் சுபாஷ் 1978 அக்டோபர் 19-ந் தேதி மேற்கு வங்கச் சுகாதார இலாகா டைரக்டருக்குத் தம் ஆராய்ச்சி பற்றி அறிக்கை கொடுத்தார். இந்தியக் குளிரியல் பத்திரிகையில் சுருக்கமாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார். நவம்பரில் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது.

விசாரணை நடத்தியது தவறா? இல்லை. மனித உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தை ஒருவர் செய்ததாகச் சொன்னால், அதைத் துருவிப் பார்க்க வேண்டியது சர்க்காரின் கடமை. கேள்விகளும் இருக்கத்தான் செய்தன. பெற்றோர், ஊர் வாய்க்கு அஞ்சித் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. கண்ணாடியில் பிறந்த குழந்தை என்று மகளைப் பின்னாளில் யாராவது இழித்துப் பேசிவிடுவார்களோ என்ற கவலை. வெளிவந்த கட்டுரையும் சிறியது. சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

தவறு, விசாரித்தவர்கள் யார் என்பதில் இருந்தது. கமிட்டியின் தலைவர் ரேடியோ பௌதிக நிபுணர். மற்றவர்களில் உடலியல் அறிந்தவரும், நரம்பியல் அறிந்தவரும், பெண்நோய் மருத்துவரும் உண்டு. ஆனால், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்குவதிலும் அதை உறைய வைத்து மீட்பதிலும் அனுபவம் உள்ளவர் ஒருவர் கூட இல்லை. தறியில் பழுது பார்க்கக் கொல்லரை அழைத்த கதை! அவர்கள் தங்களுக்கு விளங்காததை நடக்க முடியாதது என்று முடிவு கட்டினார்கள். டாக்டர் சுபாஷின் ஆராய்ச்சி போலியானது என்ற தீர்ப்பு வந்தது.

மூடப்பட்ட கதவு

உள்ளூரில் மதிப்பில்லை, வெளியூரில் அழைப்பு வந்தது. தம் ஆராய்ச்சியை வந்து விளக்கும்படி ஜப்பானின் கியோட்டோ சர்வகலாசாலையிலிருந்து 1979-ல் டாக்டர் சுபாஷுக்கு அழைப்பு வந்தது. இந்தத் துறையில் தெரிந்தவர்கள் முன்னிலையில் அவர் பேசியிருந்தால், அவர் சொல்வது மெய்யா பொய்யா என்பது அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அவர் சர்க்கார் ஊழியர். போவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை.

சகாக்களின் கேலி, ஆராய்ச்சியைத் தொடர முடியாத நிலை, இவற்றோடு இருதய நோயும் சேர்ந்துகொண்டது. 1981-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி ஓர் உத்தரவு வந்தது. கல்கத்தாவிலுள்ள கண் மருத்துவ நிலையத்தில் மின்உடலியல் பேராசிரியராக அவரை மாற்றியிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஹார்மோனையும் கருவையும் ஆராய்ந்தவருக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை!

அந்த உத்தரவு வந்து இரண்டு வாரங்கள் சென்றன. ஜூன் 19-ந் தேதி டாக்டர் சுபாஷ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அவர் நம்பிய உண்மைக்குச் சாட்சியாகத் துர்கா உயிரோடு இருந்தாள். இரண்டரை வயது கடந்து ஓடியாடிக்கொண்டிருந்தாள். அவளைச் சாட்சியாக நிறுத்தும் உரிமையோ, அதற்கான பொறுமையோ அவருக்கு மிஞ்சவில்லை.

உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகம் பதிவு செய்துகொண்டது 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு குழந்தையை. துர்காவோ அதற்கு ஐந்தரை ஆண்டுகள் மூத்தவள்!

வங்க எழுத்தாளர் ராமபத சௌதுரி இந்தச் சோகத்தை மனத்தில் கொண்டு ஒரு நாவல் எழுதினார். அதைத் தழுவி டைரக்டர் தபன் சின்ஹா 1990-ல் ஓர் இந்திப் படம் எடுத்தார். கதையில் வரும் டாக்டர் குஷ்டரோகத்துக்கு மருந்து காண்கிறார். ஆனால், படம் பார்த்தவர்களுக்கு அது யாருடைய கதை என்பது புரிந்தது.

பட்டத்தைத் துறந்த விஞ்ஞானி

1986-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி பம்பாயில் ஒரு சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. டாக்டர் டி.சி.ஆனந்த குமார் என்ற விஞ்ஞானியும், டாக்டர் இந்திரா ஹிந்துஜா என்ற பெண்நோய் மருத்துவரும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு அதைப் பாராட்டியது. அந்தப் பெருமையில் ஆனந்த குமார் நிம்மதியாகக் காலம் கழித்திருக்கலாம்.

1997-ல் ஒரு மாநாட்டுக்காக அவர் கல்கத்தா சென்றார். டாக்டர் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளும் ஆராய்ச்சிக் காகிதங்களும் அங்கே அவர் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். துர்காவின் பெற்றோருடன் பேசினார். அவருக்கு உண்மை விளங்கிவிட்டது. இந்தத் துறையை அறிந்தவர் கையில் அந்தக் காகிதங்கள் கிடைத்தது அதுவே முதல் தடவை!

ஆனந்த குமார் உண்மையை மறைக்கவில்லை. கல்கத்தா மாநாட்டிலேயே எழுந்து பேசினார். அதே ஆண்டு ஏப்ரலில் கரண்ட் சயின்ஸ் என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை எழுதி, முதல்வர் என்ற பெருமை டாக்டர் சுபாஷுக்கே உரியது என்று அறிவித்தார். தமக்குக் கிடைத்த மகுடத்தைத் தாமே கழற்றி, மறைந்த ஒருவரின் தலையில் வைத்தார். இப்படிப்பட்ட மனிதர்களை விஞ்ஞானத்திலும் அரிதாகத்தான் காண முடியும். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் டாக்டர் சுபாஷின் சாதனையைத் தன் வழிகாட்டி நூலில் பதிவு செய்தது. 25 வயது நிறைந்தபோது துர்காவும் பகிரங்கமாக முன்வந்து, தம் பிறப்புக்குக் காரணமான டாக்டருக்கு நன்றி செலுத்தினார்.

மிஞ்சிய கரு எழுப்பிய கேள்வி

கல்கத்தாக் காகிதங்கள் வெளிச்சத்துக்கு வந்த மறு ஆண்டே, உறைந்த கருவைப் பற்றிய புதிய கேள்வி ஒன்று உலகத்தின் முன் வந்து நின்றது.

சோதனைக் குழாய் முறையில் பல முட்டைகளை எடுத்துப் பல கருக்களை உண்டாக்குகிறார்கள். ஒன்றிரண்டைக் கருப்பையில் வைக்கிறார்கள். மற்றவை திரவ நைட்ரஜனில் உறைந்து காத்திருக்கும். குழந்தை பிறந்து குடும்பம் நிறைந்துவிட்டால் மிஞ்சிய கருக்களை என்ன செய்வது?

1998 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலை விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்ஸன், பெற்றோர் மனமுவந்து கொடுத்த இத்தகைய மிஞ்சிய கருக்களிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். தமிழில் இவற்றைக் குருத்தணுக்கள் என்பார்கள்.

குருத்தணு என்றால் என்ன? கடையநல்லூர் நெசவாளிக்கு இதை விளக்குவது எளிது. தறியில் ஏறாத நூல் இருக்கிறதே, அது கைலியாகலாம், சேலையாகலாம், துண்டாகலாம். நெய்து முடித்துவிட்டால் கைலி கைலிதான், அது சேலையாகாது. உடம்பின் தோலும் நரம்பும் எலும்பும் நெய்து முடித்த துணிகள். ஐந்து நாள் கருவின் உள்ளேயிருக்கும் உயிரணுக்களோ தறியில் ஏறாத நூல். அவை எந்த உறுப்பின் உயிரணுவாகவும் மாறும் வல்லமை உள்ளவை. நடுக்குவாதத்தில் அழிந்த மூளை அணுக்களுக்கும், நீரிழிவில் அழிந்த இன்சுலின் அணுக்களுக்கும் பதிலாகப் புதியவற்றை உண்டாக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கையோடு தர்மசங்கடமும் பிறந்தது. அந்த அணுக்களை எடுத்தால் கரு அழிந்துவிடுகிறது! பிணியாளியைக் காப்பாற்றக் கருவை அழிக்கலாமா? அது உயிரா, உயிராகப் போகும் ஒரு துளியா?

ஒரே கடைவீதியில் மூன்று பதில்

கடையநல்லூர்க் கடைவீதியில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அவரவர் சமயம் தரும் பதில் ஒன்றல்ல. விந்தும் முட்டையும் சேர்ந்த கணத்திலிருந்தே அது மனித உயிர். அதை அழிப்பது பாவம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. கருவில் உயிர் ஊதப்படுவது 120-ம் நாளில் என்பது இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. 40-ம் நாள் என்போரும் உண்டு. அதனால் மிஞ்சிய இளங்கருவை நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்குத் தருவதை அவர்களில் பலர் தடுப்பதில்லை. இந்து சமயத்திலோ, கருவுற்ற போதே ஜீவன் சேர்கிறது என்பாரும், பின்னரே சேர்கிறது என்பாரும் உண்டு.

நாடுகளும் ஒரே வழியில் செல்லவில்லை. பிரிட்டனில் வார்னக் கமிட்டி 1984-ல் ஒரு கோடு கிழித்தது. கரு உண்டாகி 14 நாட்களுக்குமேல் அதை ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்க்கக் கூடாது என்பது அந்தக் கோடு. 1990-ல் அதுவே சட்டமாயிற்று. ஜெர்மனி கடுமையான தடை விதித்தது. அமெரிக்காவில் ஜனாதிபதி புஷ் 2001 ஆகஸ்டில், ஏற்கெனவே எடுக்கப்பட்ட குருத்தணுக்களுக்கு மட்டுமே மத்திய சர்க்கார் பணம் என்று சொன்னார். அவற்றின் பட்டியலில் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தின் பெயரும் இருந்தது! 2009-ல் ஜனாதிபதி ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

இதற்கிடையே ஜப்பானிலிருந்து ஒரு புதுவழி வந்தது. ஷின்யா யமனாகா என்ற விஞ்ஞானி, முதிர்ந்த தோல் அணுக்களையே பின்னோக்கித் திருப்பிக் குருத்தணு போல ஆக்கினார். 2006-ல் எலியின் அணுக்களில் அதைச் செய்தார். 2007-ல் மனித அணுக்களில் செய்தார். நெய்த துணியை மீண்டும் நூலாக்கிய வித்தை அது! கருவை அழிக்கத் தேவையில்லாமல் போனதால் சர்ச்சையின் சூடு தணிந்தது. 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பணிபுரிந்த இடம் எது தெரியுமா? கியோட்டோ சர்வகலாசாலை. டாக்டர் சுபாஷைப் போகவிடாமல் தடுத்தார்களே, அதே கியோட்டோ!

பொய்க்கு மாலை

டாக்டர் சுபாஷின் கதையைக் கேட்டவர்கள், விஞ்ஞானி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. தென்கொரியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

அங்கே ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி, நகல் எடுத்த மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்கள் எடுத்துவிட்டதாக 2004-லும் 2005-லும் அறிவித்தார். நாடே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நடமாட முடியாத நோயாளிகள் எழுந்து நடக்கப் போவதாகக் கனவு கண்டார்கள். கடைசியில் அவர் காட்டிய சான்றுகள் புனைந்தவை என்று அவருடைய சர்வகலாசாலையே கண்டுபிடித்தது. 2006 ஜனவரியில் அவர் கட்டுரைகளைப் பத்திரிகை வாபஸ் பெற்றது.

கல்கத்தாவில் மெய் சொன்னவருக்கு அவமானம். தென்கொரியாவில் பொய் சொன்னவருக்கு மாலை! இரண்டு இடத்திலும் பிழை ஒன்றே. விஷயம் அறிந்தவர்கள், விருப்பு வெறுப்பின்றி, காகிதத்தையும் கருவியையும் உடனே சோதித்துப் பார்க்கவில்லை. சந்தேகம் கண்ணை மறைத்தது ஓர் இடத்தில்; ஆசை கண்ணை மறைத்தது மற்றோர் இடத்தில்.

இந்த ஆசையை மூலதனமாக்கிப் பிழைப்பவர்கள் நம் நாட்டிலும் உண்டு. முதுகெலும்பு முறிந்து படுத்த மகனுக்கும், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் ஸ்டெம் செல் ஊசியால் குணமாகும் என்று சொல்லி லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். வளைகுடா நாட்டில் வியர்வை சிந்திச் சம்பாதித்து அனுப்பும் பணம் இப்படியும் கரைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ம் ஆண்டு வழிகாட்டி இதைத் தெளிவாகவே கண்டிக்கிறது. ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நிலைபெற்ற ஒன்று. அத்தகையவை தவிர மற்றவற்றை, அனுமதி பெற்ற சோதனைகளில் மட்டுமே நோயாளிகளுக்குச் செய்யலாம். அந்தச் சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கட்டினால் ஊசி என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நல்ல வழி எது?

முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள், ரத்தம் உறையாமை நோயால் அவதிப்பட்ட ஐந்து பேருடைய சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவுக்குப் பதில் நல்ல மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கு ரத்தக் கசிவு ஏற்படவில்லை. இந்த முடிவு 2024 டிசம்பரில் உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. இதில் கருவுக்கு வேலையே இல்லை. வெளிநாடுகளில் நடந்து 2025-ல் வெளிவந்த மற்றொரு சோதனையில், கருவிலிருந்து முன்பு எடுத்த குருத்தணுக்களைக் கொண்டு இன்சுலின் அணுக்கள் உண்டாக்கினார்கள். முழு அளவு மருந்து பெற்ற 12 நீரிழிவு நோயாளிகளில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டார்கள். ஆனால், புதிய அணுக்களை உடல் தள்ளிவிடாமலிருக்க அவர்கள் வேறு மருந்துகள் சாப்பிட வேண்டும். எண்ணிக்கையும் சிறியது. கொண்டாட அவசரப்படக் கூடாது. கதவை மூடவும் கூடாது.

இந்தியா 2021-ல் இயற்றிய சட்டம் மிஞ்சிய கருவுக்கும் ஒரு வழி சொல்கிறது. பத்து ஆண்டுகளுக்குமேல் கருவை உறைய வைத்திருக்கக் கூடாது. அதன் பிறகு அதை இயற்கையாக அழிய விடலாம். அல்லது, தம்பதி சம்மதித்தால், பதிவு பெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம். முடிவு செய்யும் உரிமை கணவன் மனைவியின் கையில் இருக்கிறது. தங்கள் சமயமும் மனச்சாட்சியும் என்ன சொல்கின்றனவோ, அதன்படி அவர்கள் நடக்கலாம். ஆனால், சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உரிமையால் பயனில்லை.

2010-ல் ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசை அளிப்பதில்லை. ஆகவே ஸ்டெப்டோவுக்கும் கிடைக்கவில்லை. டாக்டர் சுபாஷுக்கும் வாய்ப்பில்லை. ஆயினும் ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிர வைப்பதும், கருவை உறைய வைத்து வேறொரு மாதத்தில் கருப்பைக்குள் செலுத்துவதும் இன்று உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கின்றன.

புதிய உண்மை எப்போதும் பழக்கமில்லாத முகத்தோடுதான் வந்து நிற்கிறது. பொய்யும் சில சமயம் அதே முகத்தோடு வருகிறது. இரண்டையும் பிரித்தறிய அறிவுள்ள விசாரணை வேண்டும். விசாரிக்கப்படுகிறவரும் ஒரு மனிதர் என்ற நினைவும் வேண்டும். கல்கத்தாவில் 1978-ல் இந்த இரண்டும் இருந்திருந்தால், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் தம் கரங்களில் உருவான துர்கா வளர்ந்து பெரியவளாவதைக் கண் குளிரக் கண்டிருப்பார்.